மூன்று மாட்டுக்கு மருந்து

லுணுகலை
18.11.1959

என் மருமகள் சரஸ்வதிக்கு மாமா வைரவநாதன் எழுதிக்கொள்வது. இவ்விடம் மாடுகள் நீங்கலாக அனைவரும் சுகம். அவ்விடம் நீயும் உன் வார்டில் கிடப்பவர்களும் சுகமா?

நீ கண்டிக்கு நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து மாமா ஒரு வரி எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். எழுத எங்கே நேரம்? இங்கே யுத்தம் நடக்கிறது. ஒரு பக்கம் மொட்டப்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் துரை, மறுபக்கம் நான். நடுவில் மாடுகள்.

ஐப்பசி மழை விழுந்ததிலிருந்து, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகளுக்கும், நான் பால் கறந்து விற்கும் என் பட்டி மாடுகளுக்கும் முதுகில் ஒரு பொருக்கு. முதலில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைப் போல நட்டுக்கொண்டு நிற்கிறது. பிறகு பலாக்காய்த் தோலாகத் தடிக்கிறது. பிய்த்தால் அடியில் இரத்தமும் சீழும். என் அறிவுக்கு எட்டாத மாட்டு நோய் இந்த ஊவா மாகாணத்தில் கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆறாம் வகுப்பு என்னைக் கண்டு பயந்ததால் நின்றேன். ஆகவே நானே வைத்தியம் தொடங்கினேன். சிரட்டையை உடைத்து, அதன் விளிம்பால் பொருக்கை ஒட்டச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கந்தகம் குழைத்துத் தேய்த்தேன். என் பசுக்கள் நான்கும் பொறுத்துக்கொண்டன. என் பொலி எருது கருடன் பொறுக்கவில்லை. பிடிக்க வந்த சின்னக் கங்காணியை அவன் உதைத்த உதையில் அவருடைய பல் ஆறும் சாணிக்குள் போய்விட்டன. (உன் அத்தை யோகம்மா இரண்டு பல் என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.) எனக்கும் தொடையில் ஒரு கொம்புக் குத்து. இரத்தம் சப்பாத்துக்குள் இறங்கிச் சளக் சளக் என்றது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

பங்களாவுக்குக் கப்பலில் வெள்ளைக்காரப் பசுக்கள் வந்திருக்கின்றன. லயத்து மாட்டின் பொருக்கு அவற்றுக்கு ஒட்டிவிடும் என்று துரைக்குப் பயம். போன சனிக்கிழமை துவக்கோடு ஐந்தாம் நம்பர் லயத்துக்கு வந்துவிட்டார். இராக்கம்மாவை உனக்கு நினைவிருக்காது. புருஷன் செத்த பிறகு ஒரு செவலைப் பசுவை வைத்துப் பிழைக்கிறவள். கொழுந்து பறித்து அவள் வாங்கும் நாட்கூலி, அந்தப் பேர்ச் சம்பளம், அரிசிக்கே சரி, மற்றதெல்லாம் அந்த மாட்டுப் பால்தான். அந்தச் செவலையின் கன்றுக்குத்தான் பொருக்கு அதிகம். துரை ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலேயே சுட்டார். கன்று முன்னங்காலை மடித்து, கும்பிடுவது போல விழுந்தது. செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதை நக்கியது. நக்கிய நாக்கு சிவந்துபோயிருந்தது. இராக்கம்மா ஒரு சொட்டு அழவில்லை. இரத்தத்தில் ஊறிய வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளித் துரையின் காலில் வீசினாள்.

“இதையும் எடுத்துட்டுப் போங்க தொரை! ஒங்க வெள்ளக்காரிகளுக்குத் தீனி போடுங்க!”

துரையோடு வந்த காவல்கார வாச்சர் அவளை அடிக்கக் கை ஓங்கினான். நான் நடுவில் பாய்ந்தேன். என் முகத்தைக் கண்டதும் துரை துவக்கைத் தாழ்த்திவிட்டு, “வைரவநாதன், உங்களுக்காக மட்டும் தவணை தருகிறேன்” என்றார். தைப்பொங்கல் முடிந்ததும் திரும்ப வருவாராம். முதுகில் பொருக்கோடு நிற்கும் மாடு எதுவானாலும் சுடுவாராம். என் மாடுகளும் மேய்வது தோட்டத்துப் புல்லில்தான். ஆகவே எனக்கும் அதே சட்டம்.

நீ மனிதர்களுக்குப் போடுகிறாயே பென்சிலின், அதில் ஒரு வாளி அனுப்பு.

இப்படிக்கு,
வைரவநாதன்


கண்டி
27.11.1959

அன்புள்ள மாமாவுக்கு, சரஸ்வதியின் வணக்கம்.

உங்கள் முகத்தைக் கண்டு துரை துவக்கைத் தாழ்த்திய இடத்தை வார்டில் வாசித்துக் காட்டினேன். வயிற்றில் தையல் போட்ட ஒருவர், “சிரிக்க வைக்காதீங்க மிஸ்ஸி, பிரிஞ்சிரும்” என்று கெஞ்சினார்.

இனி விளையாட்டில்லை. கவனமாக வாசியுங்கள். அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரி மருந்தில் நான் கை வைக்கமாட்டேன். மாட்டு டாக்டர் ஒருவர் தன் மகளைப் பார்க்க எங்கள் வார்டுக்கு வருகிறார். நீங்கள் எழுதிய சுண்ணாம்பு மட்டை அடையாளத்தைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இது கிருமி நோய். கிருமிக்கு ஈரம்தான் கால். நனைந்த தோலில் புகும், ஈரத்தோடு ஈரமாக அடுத்த மாட்டுக்குப் போகும். நீங்கள் சிரட்டையால் சுரண்டியது அதற்குக் கதவைத் திறந்துவிட்டது போல. மண்ணெண்ணெய் மீதித் தோலையும் எரித்துவிட்டது. இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். மாடுகளைக் கழுவக்கூடாது. கூரைக்குக் கீழே, காய்ந்த தரையில் கட்டுங்கள். தானாக உதிரும் பொருக்கைப் பொறுக்கி எரியுங்கள்.

டாக்டர் எழுதித் தந்த சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கியிருக்கிறேன். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த தூள், ரப்பர் மூடி போட்ட குப்பிகளில். கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து, தொடைச் சதையில் ஆழமாகக் குத்த வேண்டும். ஒரு மாட்டுக்குத் தினம் ஒன்றாக ஐந்து நாள். இரண்டாம் நாளே பொருக்கு கழன்று மாடு அழகாகிவிடும். அப்போது நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண். அனுப்பியிருப்பது நான்கு மாட்டுக்கு மட்டும். மிக மோசமான நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாவது மாட்டின் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள்.

பெட்டி பதுளை ரயிலில் வருகிறது. லொறி ஓட்டும் பாறூக் அண்ணன் ஸ்டேஷனில் எடுத்து உங்களிடம் சேர்ப்பார்.

அன்புடன்,
சரஸ்வதி


லுணுகலை
20.12.1959

என் மருமகள் சரஸ்வதிக்கு, இனிமேல் உன் மாமா வெறும் வைரவநாதன் இல்லை. டாக்டர் வைரவநாதன். நான் சொல்லவில்லை, மொட்டப்பாறைத் தோட்டமே சொல்கிறது.

பெட்டி வந்த அன்றே தொடங்கினேன். டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளைக் கோட் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன். முதல் ஊசி கருடனுக்கு. ஏழு பேர் பிடித்தோம். ஊசி தோலைத் தொட்டதும் அவன் எழுந்த எழுச்சியில் கொட்டிலின் நடுத்தூண் முறிந்து கூரை எங்கள் தலையில் இறங்கியது. ஒருவனுக்குத் தோள்பட்டை கழன்றது. ஒருவன் காதில் பாதி தகரத்தோடு போயிற்று. என்னைக் கொம்பில் தூக்கிச் சாணக்குழிக்கு மேலாக ஒரு பனை உயரம் எறிந்தான். குழிக்குள் விழும்போது கையிலிருந்த ஊசி என் தொடையிலேயே ஏறிவிட்டது. அதனால்தான் இந்த மழைக்கு ஊரெல்லாம் தும்ம, எனக்கு மட்டும் சளி பிடிக்கவில்லை. எழுந்தேன், கோட்டை உதறினேன், அடுத்த குப்பியைக் கரைத்தேன், குத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, தோற்றவன் ஜெயித்தவனைப் பார்க்கும் பார்வை.

அடுத்து என் பசுக்களுக்குப் போடலாம் என்று திரும்பினால், ஐந்தாம் நம்பர் லயமே மாட்டோடு வந்து நிற்கிறது. மழையில், வரிசையாக. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல நிற்கிறார்கள். இராக்கம்மா முன்னால்.

“பால்காரரே, எம் மாட்டுக்கும் ஒண்ணு குத்துங்க. கன்னுதான் போச்சு. இதுவும் போனா நான் கயித்தத்தான் தேடணும்.”

நீ சொல், சரஸ்வதி. அந்த வரிசையைப் பார்த்து நான்கு மாட்டுக்குத்தான் என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? அதுவும் வெள்ளைக் கோட் போட்டவனுக்கு? எல்லா மாட்டுக்கும் ஆளுக்கொன்று குத்தினேன். மிஞ்சியதைக் கருடனுக்கே போட்டேன்.

நீ பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. பொருக்கெல்லாம் புளியங்கோது மாதிரிக் கழன்று விழுந்தது. இராக்கம்மா என் காலில் விழுந்தாள். நான் அவளை எழுப்பி, “வைத்தியன் காலில் விழலாம், ஆனால் நெற்றி படக்கூடாது” என்று சொன்னேன். அது எதற்கு என்று எனக்கே தெரியாது, ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு ஆற்றில் நானே எல்லா மாட்டையும் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்று லயத்தில் தீர்மானம். கருடன் முன்னால் போகிறான். துரை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் டாக்டர் மாமா


கண்டி
2.1.1960

மாமா,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஒரு ஊசி மருந்து இல்லை. ஒரு ஊசி என்பது கிருமியின் தலையில் தட்டிப் படுக்கவைப்பது. கண் விழித்து எழும். பொருக்கு விழுந்த முதுகைப் பார்த்துச் சுகம் என்று எல்லோரையும் நம்பவைத்திருக்கிறீர்கள். அவர்கள் மாட்டைத் தனியாகக் கட்டுவதை நிறுத்தியிருப்பார்கள், மழையில் மேயவிட்டிருப்பார்கள். நான்கு மாடு பிழைத்திருக்கும். இப்போது ஒன்றுமே பிழைக்காமல் போகலாம்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மாட்டுப் பொங்கலுக்கு ஆற்றுக்குப் போகாதீர்கள். ஒரே தண்ணீர், ஒரே வைக்கோல் திரி, எல்லா முதுகும். அதைவிட நோயைப் பரப்ப வேறு வழியை அந்தக் கிருமியே யோசித்திருக்காது. பொட்டும் மாலையும் கொட்டிலிலேயே போடுங்கள். மாடு காய்ந்தே இருக்கட்டும்.

பொங்கலுக்கு முன்னால் லயத்துக்குப் போய், மருந்து போதவில்லை, நோய் போகவில்லை என்று சொல்லுங்கள். வைவார்கள். வையட்டும். எனக்கு லீவு கிடைத்திருந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன்.

சரஸ்வதி


லுணுகலை
3.2.1960

என் மருமகள் சரஸ்வதிக்கு, கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கை சற்று ஓய்வெடுக்கிறது.

உன் கடிதம் வந்தது. லயத்துக்குச் சொல்லப் புறப்பட்டேன், உண்மையாகவே புறப்பட்டேன். வழியிலேயே எனக்கு மாலை போட்டுவிட்டார்கள். மாலை கழுத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஆற்றில் இறங்கினோம். மழை கொட்டியது. ஒரு வைக்கோல் திரியால் நான் ஒருவனே எல்லா மாட்டையும் தேய்த்துக் கழுவினேன். அப்படி ஒரு மாட்டுப் பொங்கலை லுணுகலை கண்டதில்லை. கருடன் உடம்பு கறுப்புக் கண்ணாடி போல மின்னியது. திரும்பி வரும்போது வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, பங்களாக் கம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, வெள்ளைக்காரப் பசுக்களோடு கலந்துவிட்டான். பொலி எருதுதானே, மரியாதைக்கு விசாரித்துவிட்டு வந்தான்.

தை பாதி போவதற்குள் எல்லா முதுகிலும் சுண்ணாம்பு மட்டை நட்டுக்கொண்டு நின்றது. பங்களாப் பசு இரண்டுக்கும் வந்துவிட்டது.

முதலில் லயத்தார் என்னைத் தேடி வந்தார்கள். நாற்பது பேர், மண்வெட்டிப் பிடியோடு. ஒருவரையும் நான் அடிக்க விரும்பவில்லை; ஆனால் கை தானாகப் போயிற்று. இருபது பேரைப் படுக்கவைத்திருப்பேன். கடைசியில் பின்பக்கமாக வந்த ஒரு அடி வலது முழங்கைக்கு மேலே விழுந்து எலும்பு சத்தம் போட்டது. வாயில் உப்புக் கரித்தது. துப்பினேன், ஒரு பல். அந்தப் பல்லையும் அவர்கள் மேலேயே துப்பினேன்.

அடுத்த நாள் காலை துரை வந்தார். இரண்டு துவக்கு, எட்டு வாச்சர். இதை நான் எப்படி எழுதுவது? கொட்டில் கொட்டிலாக வந்தார்கள். என் பசுக்கள் நான்கையும் கட்டின இடத்திலேயே சுட்டார்கள். முதல் மூன்றும் உடனே விழுந்தன. நான்காவதுக்குத் தாடையில் பட்டது. தாடை தொங்க, நாக்கு தரையில் இழுபட, அது கொட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உன் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து, “கொல்லுங்கடா! சீக்கிரமாக் கொல்லுங்கடா!” என்று கத்தினாள். லயத்திலும் அப்படித்தான். சாக்கடையில் தண்ணீருக்குப் பதிலாக இரத்தம் ஓடியது. சனங்கள் கல்லெடுத்தார்கள். ஒரு வாச்சரின் கண் போயிற்று. லயத்து ஆள் ஒருவன் மண்டை பிளந்து கிடந்தான். லுணுகலைப் பொலிஸ் வந்த பிறகுதான் வெடிச் சத்தம் நின்றது.

அந்த நேரம் நான் எங்கே என்று கேட்பாய். முன்வரிசையில்தான். கருடனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு துரைக்கு நேராக நின்றேன். சுடு பார்க்கலாம் என்றேன். அவர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டார்.

இப்போது மிச்சம் நான்கு உயிர். கருடன், இராக்கம்மாவின் செவலை, லயத்துப் பசு இன்னும் இரண்டு. நான்குக்கும் பொருக்கு. இன்ஸ்பெக்டர் பேசியதில் துரை இருபதாம் திகதி வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று பொருக்கில்லாத மாடு தப்பும்.

சரஸ்வதி, மாமா உன்னிடம் இதுவரை கெஞ்சியதில்லை. இதையும் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே. கருடனை நான் கன்றிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். இந்தப் பட்டியில் இனி அவன் மட்டும்தான்.

இப்படிக்கு,
வைரவநாதன்


கண்டி
9.2.1960

அன்புள்ள மாமாவுக்கு,

கையை மட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்களா? விரல்கள் நீலமானால் உடனே கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. திட்டினால் மாடு எழுந்து வரப்போவதில்லை.

இன்று ரயிலில் பெட்டியை ஏற்றிவிட்டேன். கண்டியில் இரண்டு கடையிலும் இருந்ததே அவ்வளவுதான். மூன்று மாட்டுக்கு மருந்து. நான்குக்கு இல்லை. மாட்டு டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன், நான்குக்குப் பிரித்தால் என்ன என்று. “நாலுமே சாகும்” என்றார். அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆகவே மூன்றைத் தேர்ந்தெடுங்கள். கருடன் உங்களுக்கு யார் என்று எனக்குத் தெரியும். அவனைச் சேர்த்து இன்னும் இரண்டு என்றுதான் நீங்கள் முடிவு செய்வீர்கள். அதற்கு நான் குறை சொல்லமாட்டேன், வேறு யாரும் சொல்லவும் முடியாது. ஆனால் எடுத்த மூன்றுக்கும் ஐந்து நாளும் முழுதாகப் போடுங்கள். விடுபடும் நான்காவதை மற்றவற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். யார் வந்து வரிசையில் நின்றாலும் கதவைத் திறக்காதீர்கள்.

சரஸ்வதி


லுணுகலை
24.2.1960

என் மருமகள் சரஸ்வதிக்கு, துரை வந்து போய்விட்டார். மூன்று மாடுகள் தப்பின. முதுகு வழுவழு என்று இருக்கிறது. துரையே தடவிப் பார்த்துவிட்டு, “வைரவநாதன், நீங்கள் சீமையில் பிறந்திருக்க வேண்டும்” என்றார்.

தப்பிய மூன்றும் லயத்து மாடுகள். செவலையும் மற்ற இரண்டும்.

நீ என்னைப் பற்றித் தப்பாக நினைக்கக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். பெட்டி வந்ததும் முதல் குப்பியைக் கருடனுக்குத்தான் கரைத்தேன். ஊசியில் ஏற்றியும் விட்டேன். அப்போது கொட்டில் வாசலில் இராக்கம்மா. கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கொப்பை ஒரே வெட்டில் துண்டாக்குகிற கத்தி. கண் இரண்டும் தணல்.

“யோவ் பால்காரரே! அந்த ஊசி மொதல்ல யாருக்கு?”

“கருடனுக்கு” என்றேன். எனக்கென்ன பயம்?

கத்தியைக் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்தாள். தோல் கிழிந்து சட்டைக் காலர் நனைந்தது. “எங் கன்னு ஒண்ணு போச்சு, ஒம் பொய்யால இத்தன மாடு போச்சு. இப்பவும் ஒம் மாடுதானா? குத்துய்யா செவலைக்கி. குத்தலேன்னா ஒன்னயக் கொப்பு மாதிரி அரிஞ்சி போடுவேன்.”

என்ன செய்வது? வலது கை இருந்திருந்தால் அவளைப் பதுளை வரைக்கும் துரத்தியிருப்பேன். ஒற்றைக் கை மனிதன். குத்தினேன். மாட்டை என் கொட்டிலிலேயே கட்டச் சொல்லி, ஐந்து நாளும் கத்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள் அந்த ராட்சசி. மற்ற இரண்டு மாட்டுக்கும் அவள்தான் கத்தியைக் காட்டிப் போடவைத்தாள். நான் கண்ணை மூடினால் கத்தி முனை, திறந்தால் கத்தி முனை. ஆகவே கருடனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் அவள் செய்த அட்டூழியம். இதை நீ நம்ப வேண்டும்.

இருபதாம் திகதி காலை. அவனைத் தள்ளிக் கட்டியிருந்தேன், நீ சொன்னபடி. முதுகு முழுக்கப் பொருக்கு, ஈ மொய்த்தது. வாச்சர் கயிற்றைக் கேட்டான். கொடுக்கவில்லை. புது ஆள் பிடித்தால் அவன் மிரளுவான், அப்புறம் குண்டு தாடையில்தான் படும். நானே பிடித்தேன், இடது கையால். நெற்றியைச் சொறிந்துகொடுத்தேன். அதற்கு அவன் எப்போதும் தலையைத் தாழ்த்துவான். தாழ்த்தினான். துரை காதுக்குப் பின்னால் வைத்தார்.

ஒரே வெடி.

என் முகத்தில் தெறித்ததை உன் அத்தைதான் துடைத்துவிட்டாள். கழுவப் போதுமான தண்ணீர் வீட்டில் இருந்தது. வேறொன்றும் எழுத இல்லை.

இப்படிக்கு,
வைரவநாதன்


கண்டி
1.3.1960

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரவு டியூட்டியில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் எழுந்து போய் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தேன். அங்கே இராக்கம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் உங்களுக்கு மருந்தை ரயிலில் ஏற்றிய மறுநாளே பதுளையிலிருந்து அவளை இங்கே அனுப்பிவிட்டார்கள். துரை சுட வந்த அன்று அவள் செவலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாச்சர் துவக்குக் கட்டையால் அடித்ததில் முன்கை எலும்பு இரண்டும் நொறுங்கிவிட்டன. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது. ஒரு கரண்டியைக்கூட அந்தக் கையால் தூக்க முடியாது. நான்தான் சோறு ஊட்டுகிறேன். உங்கள் கழுத்தில் கத்தி வைத்ததாக நீங்கள் எழுதிய நாளில் அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. நெற்றியில் ஈரத்துணி போட்டது நான்.

அவள் எனக்கு மற்றதையும் சொன்னாள். உங்கள் வீட்டுக்கு வந்தது நாற்பது பேர் இல்லை, அவள் ஒருத்திதான். அந்த ஒரு அடியும் அவளுடையதுதான். துரை சுட்ட அன்று நீங்கள் பள்ளத்துக்குள் இறங்கி, கருடன் கத்திவிடாமல் அவன் வாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தீர்களாம். லயத்தில் எல்லோருக்கும் தெரியுமாம்.

செவலை உயிரோடு இருக்கிறது, மாமாதான் ஐந்து ஊசியும் போட்டார் என்று இன்று காலை அவளிடம் சொன்னேன்.

“அந்தப் பால்காரரா? வாயத் தொறந்தாப் பொய்யி. அவரு மாட்டுக்குப் போட்டுட்டு மிச்சத் தண்ணியக் குத்தியிருப்பாரு.”

“அவர் மாடு செத்துப்போச்சு” என்றேன்.

“எது?”

“கருடன். அவனுக்கு ஒரு ஊசியும் போடல.”

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு, “நெசமாவா மிஸ்ஸி?” என்றாள். நான் தலையாட்டினேன். நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கன்று செத்தபோது அழாதவள் என்று எழுதியிருந்தீர்கள்.

மாமா, யாரும் கேட்காமல்தானே கொடுத்தீர்கள்? வரிசையில்கூட ஒருவரும் நிற்கவில்லையே.

வெள்ளிக்கிழமை அவளைப் பாறூக் அண்ணனின் லொறியில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சரஸ்வதி


லுணுகலை
8.3.1960

என் மருமகள் சரஸ்வதிக்கு மாமா எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தில் நிறையப் பிழைகள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரே வெள்ளைத் துணியில் கிடப்பதால் உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. உன் வார்டில் கிடந்தவள் இராக்கம்மாவாக இருக்க முடியாது. இருந்தாலும், அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பசறைப் பக்கம். அச்சு அசல் அவளேதான். கத்தியோடு வந்தது அந்த அக்காவாக இருக்கலாம். இருட்டில் எனக்கு எப்படித் தெரியும்? பள்ளத்துக்குள் நான் இறங்கியது துரையைப் பின்பக்கமாக வளைக்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லொறி வந்து நின்றது. கட்டுப்போட்ட கையோடு இறங்கினாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு முக்கியமான வேலையில் இருந்தேன்.

“பால்காரரே, வெளிய வாங்க. அடிக்க வரல.”

வெளியே வந்தேன். அவள் செவலையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். புது மயிர் முளைத்திருக்கிறது, கன்றுக்குட்டி மயிர் மாதிரி மெத்தென்று. பிறகு கருடனைத் தள்ளிக் கட்டின முளையைப் பார்த்தாள். வெறும் முளை. கயிறு மட்டும் கிடந்தது.

“கருடன்?” என்றாள்.

“மடுல்சீமைக் காட்டுக்குப் போயிட்டான். அங்க அவன்தான் இப்ப ராசா” என்றேன்.

“ஆமாங்க” என்றாள். ஒற்றைக் கையாலேயே செவலையின் மடியைக் கழுவி, ஒற்றைக் கையாலேயே கறந்தாள். நான் செம்பைப் பிடித்தேன், என் ஒற்றைக் கையால். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இரண்டு கை. கறந்த பாலை என் வாசற்படியில் வைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் கொண்டுவந்து வைத்தாள். இன்றும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காது கேட்காதவள் மாதிரிப் போகிறாள். அக்கம்பக்கம் பார்க்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஏன் அவளிடம் போய் அதையெல்லாம் சொன்னாய்? இனி லயத்தில் ஒருவனும் எனக்குப் பயப்படமாட்டான்.

ஆகவே யார் கேட்டாலும் நீ ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமா தானாகக் கொடுக்கவில்லை. கத்தி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

இப்படிக்கு,
வைரவநாதன்